கீரைக் கட்டுக்கு மட்டும் பேரமா?

உள்ளூரில் விளைகிற காய், பழம், தானியம் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் கோபமும் இருந்தது, ஏக்கமும் இருந்தது. பெயர்களை விட்டுவிட்டு ஊரைப் போட்டிருக்கிறேன்.

கே: "நாட்டுக்காய்தான் உடம்புக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விருந்து என்று வந்தால் மட்டும் பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் என்று ஓடுகிறார்களே, ஏன்? (குடும்பத் தலைவி, மதுரை)

ப: சுரையும் பூசணியும் வேலியில் படர்ந்து, பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுத்துப் பழகியவை. சும்மா கிடைத்ததை விருந்தாளி இலையில் வைக்கக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் திதிச் சமையலைக் கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் இன்றைக்கும் அங்கே கேரட்டுக்கும் கோஸுக்கும் இடமில்லை. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேனை இவைதான் இலையில் விழும். முன்னோருக்கு நாட்டுக்காய், சம்பந்திக்கு இங்கிலீஷ் காய்! சம்பந்திக்கும் ஒருமுறை பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட புடலங்காய்க் கூட்டு பரிமாறிப் பாருங்கள். வேண்டாம் என்று கை காட்டிய விருந்தாளியை நான் பார்த்ததில்லை.

கே: ஊட்டி கேரட் நம்ம ஊர்க் காயா, வெளியூர்க் காயா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: உங்களுக்கு நம்ம ஊர்க் காய்தான். நீலகிரியில் பிடுங்கியது மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிறது. அங்கிருந்து கோவைக்கு எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரப் பயணம். பூர்வீகம் கேட்க ஆரம்பித்தால் ரசத்துக்குத் தக்காளி, குழம்புக்கு மிளகாய், தின்னக் கொய்யா, பப்பாளி எதுவுமே மிஞ்சாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. செடி எங்கே பிறந்தது என்பதை விடுங்கள். இந்தக் காயை விளைவித்தவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், பறித்து எத்தனை நாளாயிற்று, நாம் கொடுக்கிற காசில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

கே: நாட்டுத் தக்காளியைக் கண்டுபிடிப்பது எப்படி? எல்லாக் கடையிலும் எல்லாமே நாட்டுத் தக்காளிதான் என்கிறார்கள். (தேனி)

ப: தேனிக்காரர் கேட்கிற கேள்வியா இது! உங்கள் மாவட்டத்தின் பெருமை அது. சற்றே தட்டையாக உருண்டிருக்கும். காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் தங்கியிருக்கும். தோல் மெலிது, அமுக்கினால் சாறு, நாக்கில் வைத்தால் புளிப்பு. முட்டை வடிவத்தில், கல்லு மாதிரி கெட்டியாக, ஒரு வாரம் கிடந்தாலும் சுருங்காமல் இருந்தால் அது ஹைபிரிட்.

நாம் நாட்டுத் தக்காளி என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு பி.கே.எம்.-1 என்ற ரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. தாய் ரகம் அன்னஞ்சி என்கிற உள்ளூர்த் தக்காளி. தேனிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில் இருக்கிறதே, அதே அன்னஞ்சி. ஊர்க்காரர்கள் காத்து வைத்த செடியை விஞ்ஞானிகள் எடுத்துச் சீர்படுத்தி ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நாட்டு ரகம் வேறு, ஆராய்ச்சி வேறு என்று இரண்டையும் சண்டைக்கு விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் கடையில் ஏன் ஹைபிரிட் நிறைந்திருக்கிறது? லாரி. கூடையில் அடுக்கி, ராத்திரியெல்லாம் குலுங்கி, மறுநாள் காலை மண்டியில் இறங்கும்போது உடையாமல் இருப்பது தடித்த தோல்தான். விவசாயி நமக்காக நடவில்லை, லாரிக்காக நடுகிறார். வாங்குகிறவர் பக்கத்திலேயே இருந்தால் மெல்லிய தோலும் பிழைக்கும். ரசத்தின் ருசி நமக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தூரத்தால் தீர்மானமாகிறது.

கே: சென்னையில் மாடி வீட்டில் குடியிருப்பவனுக்கு 'உள்ளூர்' என்று என்ன இருக்கிறது? (மென்பொருள் ஊழியர், வேளச்சேரி)

ப: திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இருக்கின்றனவே. விடிவதற்குள் அறுத்து அனுப்புகிற கீரை அந்தப் பக்கத்தது. கத்தரி, வெண்டையும் அங்கே விளைகின்றன. கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது 1996இல். அங்கே வந்து இறங்கும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரத்து மதனப்பள்ளி, கர்நாடகத்துக் கோலார் பக்கத்தது. அதையும் அந்நியம் என்று தள்ளாதீர்கள். ஒட்டன்சத்திரத்தைவிட மதனப்பள்ளி சென்னைக்குக் கிட்ட இருக்கிறது. மாநில எல்லையைக் காய் பார்ப்பதில்லை.

கே: கிலோ 40 ரூபாய்க்கு நான் தக்காளி வாங்கினால் விளைவித்தவருக்கு எவ்வளவு போகும்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளைப் பார்த்தால், நாம் தரும் ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 பைசா, வெங்காய விவசாயிக்கு 36 பைசா, உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 பைசா. உங்கள் 40 ரூபாயில் அவருக்கு ஏறக்குறைய 13. அந்தப் பதின்மூன்றிலும் விதை, உரம், மருந்து, பறிப்புக் கூலி அடக்கம்.

மீதி 27 ரூபாயும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, கமிஷன், அழுகிப்போன கூடை, கடை வாடகை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தச் சங்கிலியில் நிற்கிறவர்களும் உழைக்கிறவர்கள்தான். சங்கிலி நீளமாக இருப்பதுதான் கோளாறு.

அதைக் குறுக்கத்தான் உழவர் சந்தை வந்தது. பஞ்சாபில் 1987இலேயே 'அப்னி மண்டி' தொடங்கிவிட்டார்கள். ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்'. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்தார். விவசாயிக்கு அடையாள அட்டை, இலவசமாகத் தராசு, கடைக்கு வாடகை இல்லை. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று ஒரு விலை வைத்து, காலையில் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் களையிழந்தன, பிறகு மறுபடியும் உயிர் பெற்றன. ஒரு நல்ல ஏற்பாடு ஆட்சிக்கு ஆட்சி வாடித் தளிர்க்க வேண்டியிருப்பது கொடுமை. வாடிக்கையாளர் கூட்டம் இருந்த சந்தைகளை மட்டும் யாராலும் மூட முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கே: பெரிய கடையில் வாய் திறக்காமல் பணம் கட்டுகிறோம். கீரைக்காரம்மாவிடம் மட்டும் பேரம் பேசுகிறோமே? (திருச்சி)

ப: உழவர் சந்தையில் ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். விடிவதற்கு முன்பே அறுத்து, வாழைநாரால் கட்டி, ஈரக் கோணியில் அடுக்கிப் பேருந்தில் கொண்டு வந்திருப்பார். அரைக்கீரை ஒரு வரிசை, சிறுகீரை ஒரு வரிசை, ஓரமாக நாலைந்து கட்டு மணத்தக்காளி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தண்ணீர் தெளிப்பார். வெயில் ஏறினால் இலை தொங்கிவிடும். தொங்கிய கீரையைத் திருப்பிக் கொண்டு போனால் மாட்டுக்குத்தான். இது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் போய் "ரெண்டு கட்டு பத்து ரூபாய்க்குக் கொடு" என்கிறோமே, அந்தத் தைரியம் வெயில் கொடுத்தது.

பெரிய கடையில் குளிர்சாதனம் இருக்கிறது. அவர்களுக்கு அவசரம் இல்லை, அதனால் நமக்கு வாயும் இல்லை. உள்ளூர் விளைச்சலை மதிக்கிறோமா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல் இந்தக் கீரைக் கட்டுதான். இதில் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

கே: ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது கொய்யா வாங்கிப் போனால் மரியாதையாக இருக்குமா? (பழனி)

ப: ஆயக்குடி கொய்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு சந்தேகமா! 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஏறக்குறைய 5 மில்லிகிராம். அதே எடைக் கொய்யாவில் 200க்கு மேல். மரியாதையைச் சத்தால் அளந்தால் ஆப்பிள் கிட்டவே நிற்க முடியாது. நோயாளி அதைச் சாப்பிடலாமா என்று மட்டும் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளுக்கும் அதே கேள்விதான்.

கே: பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தரமானது என்று அர்த்தமா? (ஈரோடு)

ப: இல்லை. அதிலுள்ள நான்கு இலக்க எண் கடைக்காரர் பில் போடுவதற்கான அடையாள எண். 9இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் இயற்கை முறையில் விளைந்தது என்று அர்த்தம். எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்போது பறித்தது என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கே: தூரத்திலிருந்து வரும் உணவால் புவி சூடாகிறது, அதனால் உள்ளூர் உணவே உண்ண வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரிதானா? (புதுச்சேரி)

ப: பாதி சரி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்நாட்டு உணவால் உண்டாகும் வெப்பவாயுக்களில், பண்ணையிலிருந்து கடைக்குக் கொண்டுவரும் கடைசிப் பயணத்தின் பங்கு 4 சதவீதம்தான். பெரும்பங்கு விளைவிக்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது. விமானத்தில் பறந்து வரும் பழம் மட்டும் வேறு கணக்கு. ஆகவே புவியைக் காக்க ஒரே வழி உள்ளூர்க் காய் என்று மேடையில் முழங்க வேண்டாம். நான் உள்ளூர்க் காயின் பக்கம் நிற்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அது வாடாமல் வருகிறது. காசு விளைவித்தவர் கைக்குப் போகிறது. லாரிக்குத் தோதில்லாத ரகங்கள் அழியாமல் இருக்கின்றன. இந்த மூன்றே போதும், பொய்க்கால் தேவையில்லை.

கே: மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடுமா? (நாமக்கல்)

ப: போகாது. அதுவும் அரிசிதான். தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதல், அவ்வளவு. மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்த மருந்துப் பேச்சு என்னை மிகவும் வருத்துகிறது. கருப்புக் கவுனியும் காட்டுயானமும் பூங்காரும் இன்று அழிந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் விளம்பரங்கள் இல்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழியில் போன நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 ரக நெல்லைச் சேகரித்தார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தத்தைவிட நம்பிக்கையே அங்கே பெரிது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார், அவர் கொடுத்த நெல் வயலில் நிற்கிறது.

வெள்ளத்தில் தலை தூக்கி நிற்கிற ரகம், தண்ணீர் குறைந்தாலும் தாங்குகிற ரகம் என்று டெல்டா விவசாயிக்கு அந்த நெல்லால் உண்மையான பயன் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சர்க்கரைக்கு மருந்து, புற்றுக்கு மருந்து என்று விற்றால், குணமாகாத நாளில் வாங்கியவர் அரிசியையே ஏசுவார். பாதிக்கப்படுவது விவசாயி. சோறாகச் சாப்பிடுங்கள். தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் தினச்சாப்பாட்டுக்கே அருமையான அரிசி.

கே: என் மகன் கேழ்வரகைக் கண்டாலே ஓடுகிறான். (இளம் தாய், ஓசூர்)

ப: அதன் பெருமைகளை அவனிடம் சொல்லாதீர்கள். தோசையாக மெல்லிசாக வார்த்து, பக்கத்தில் வேர்க்கடலைச் சட்னி வையுங்கள். உங்கள் பக்கத்தில் களி தின்று வளர்ந்த தாத்தாக்கள் இருப்பார்கள், அவர்கள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பழகட்டும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, நல்லதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்ட அரசாணையில் இருந்த ஒரு வரி. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்யச் சொல்லியிருந்தது. உங்கள் மகன் படிக்கிற பள்ளியில் அது நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

கே: பொள்ளாச்சியில் தேங்காய் மலைபோல் கிடக்கிறது. ரேஷனில் பாமாயில் ஊற்றுகிறார்கள். இது நியாயமா? (தென்னை விவசாயி, பொள்ளாச்சி)

ப: நியாயமில்லை, ஐயா. ரேஷனில் பாமாயில் வந்தது 2007இல். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதால் ஏழை வீட்டில் தாளிப்பு ஓசை கேட்கிறது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த எண்ணெய் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் விலை கூடியவை என்பதால் அரசு தயங்குகிறது. தென்னை மிகுந்த மாவட்டங்களில் தேங்காய் எண்ணெய், கடலை மிகுந்த மாவட்டங்களில் கடலை எண்ணெய் என்று தொடங்கலாம். விலை வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். வாங்குகிறவர் தலையில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்துக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள் அல்லவா? அந்த வழி எண்ணெய்க்கும் உண்டு.

கே: நம் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரளாவில் சொன்னார்கள். அவமானமாக இருந்தது. (கம்பம்)

ப: 2015இல் அந்தப் புகார் வந்தபோது எனக்கும் சுருக்கென்றது. தமிழ்நாடு அரசு மறுத்தது, கேரளம் விடவில்லை, இரண்டு பக்கமும் அறிக்கைகள் பறந்தன. அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப்போனது. குமுளி தாண்டிப் போகிற அதே கத்தரிக்காய்தான் கம்பத்திலும் குழம்பில் கொதிக்கிறது. கேரளத்துக்காரர் தின்றால் செய்தி, நாம் தின்றால் செய்தி இல்லையா?

பக்கத்தில் விளைந்தது என்பதால் மருந்து அடிக்காதது ஆகிவிடாது. காலிஃபிளவர், கத்தரி, கறிவேப்பிலை மூன்றிலும் தெளிப்பு அதிகம். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. விலை ஏறுகிற வாரத்தில் அந்தக் கெடுவைக் காக்கப் பொறுமை இருப்பதில்லை. கடையில் யாரிடம் இதைக் கேட்பீர்கள்? தோட்டக்காரரிடம் நேரே வாங்கினால் "எப்போது கடைசியாக அடித்தீர்கள்?" என்று கேட்கலாம். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது கஷ்டம். சொத்தைக் கத்தரிக்காய் ஒன்றைக் கண்டால் கூடையையே ஒதுக்குகிற பழக்கத்தையும் நாம் விட வேண்டும். புழு இல்லாத காய்தான் வேண்டும் என்று நாம் அடம் பிடிப்பதால்தான் தெளிப்பான் தோளை விட்டு இறங்குவதே இல்லை.

கே: பழுப்பு முட்டை எல்லாம் நாட்டுக்கோழி முட்டையா? (சேலம்)

ப: இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பண்ணையிலும் பழுப்பு முட்டையிடும் கோழிகள் உண்டு. சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சேலத்துக்காரருக்குப் பக்கத்து நாமக்கல் வெள்ளை முட்டையும் உள்ளூர் முட்டைதான்.

கே: சிங்கப்பூரில் உள்ளூர்க் கீரை என்று தனி அடையாளத்தோடு விற்கிறார்கள். விலை அதிகம். வாங்க வேண்டுமா? (சிங்கப்பூர்)

ப: உங்கள் ஊர் 90 சதவீதத்துக்கு மேல் உணவை இறக்குமதி செய்கிறது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். நிலம் இல்லை, மின்சாரம் விலை, அடுக்குப் பண்ணைகள் தள்ளாடின. மலேசியக் கீரை பக்கத்துத் தட்டில் மலிவாக இருக்கும்போது கை அங்கேதான் போகும். 2025இல் அந்த இலக்கைக் கைவிட்டு வேறு இலக்கு வைத்துக்கொண்டார்கள். முட்டையில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் உற்பத்தி, அது சாதனை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கும். கதவு மூடினால் என்ன என்ற கேள்விக்கு அந்தக் கீரை ஒரு காப்பு. முடிந்தவர்கள் வாங்குங்கள். கூலி வேலைக்கு வந்திருக்கிற நம் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கே: எழுபதுகளில் எங்கட ஆக்கள் மிளகாயும் வெங்காயமும் செய்து நல்லா இருந்தவை. திரும்பவும் இறக்குமதியை நிப்பாட்டினால் என்ன? (யாழ்ப்பாணத்தவர், டொரன்டோ)

ப: அந்தக் காலம் உண்மை. 1970 முதல் 1977 வரை இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததால் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்கு விலை கிடைத்தது. கிணற்று நீரை இறைத்துப் பாடுபட்ட குடும்பங்கள் அந்தக் காசில் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின, விலை விழுந்தது. திறந்துவிட்டவர்கள் அந்த விவசாயிகளுக்கு ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. அது பெரிய அநீதி.

ஆனால் அதே ஏழு ஆண்டுகளை மற்றவர்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பாண் ரொட்டிக்கு வரிசை, அரிசிக்குப் பங்கீடு, துணிக்குத் தட்டுப்பாடு. வேறு வழி இல்லாமல் உள்ளூர்ப் பொருளை உண்டவர்கள், வழி திறந்த அன்றே அதை விட்டுவிட்டார்கள். 2021இலும் ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அதற்குள் நெல்லும் தேயிலையும் அடி வாங்கிவிட்டன. எனக்குத் தடையில் நம்பிக்கை இல்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் இறக்குமதி வரியை உயர்த்துவது, சேமித்து வைக்கக் கிடங்கு கட்டுவது, இந்த விலைக்குக் கீழே போகாது என்று உறுதி கொடுப்பது, இவை விவசாயியையும் காக்கும், வாங்குகிறவரையும் வாட்டாது. கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தை யாரும் சட்டம் போட்டு விற்கவில்லை. அதன் ருசியே அதை விற்கிறது.

கே: புவிசார் குறியீடு கிடைத்தால் விலை கிடைத்துவிடுமா? (கத்தரி விவசாயி, வேலூர்)

ப: உங்கள் முள்ளுக் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. வேறு ஊர்க் காயை உங்கள் பெயரில் விற்பதை அது தடுக்கும். வாங்குகிற ஆளை அது கூட்டி வராது. விருப்பாச்சி மலைவாழையைப் பாருங்கள். முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. அப்படியும் அந்த வாழைக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் என்ற நிலையான வாடிக்கை இருந்தது. குறியீடு 2008இல் வந்தது, வாடிக்கையோ தலைமுறைகளாக இருக்கிறது. வேலூர் ஓட்டல்காரர்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு முள்ளுக் கத்தரிதான் என்று முடிவெடுத்தால் உங்களுக்கு விடியும். அவர்களிடம் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கே: எந்த மாதத்தில் எதை வாங்குவது? இப்போது எல்லாமே எல்லா நாளும் கிடைக்கிறது. (புதுமணப்பெண், திருநெல்வேலி)

ப: தை பிறந்தால் பனங்கிழங்கு, மொச்சை. உங்கள் ஊருக்கென்றே சிறுகிழங்கு. மண்ணோடு வாங்கி, கோணியில் போட்டுத் தேய்த்துத் தோலெடுக்கும் வேலையை மாமியாரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பொரியலுக்கு ஈடு கிடையாது, வெளியூரில் காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது. சித்திரையில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும். அதையொட்டி மாம்பழம். மாசியிலேயே தகதகவென்று மஞ்சளாக மாம்பழம் வந்தால் சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம், இன்றும் நடக்கிறது. ஆடியில் நாவல். மழைக்காலம் தொடங்கும்போது சீதா. பருவத்தில் வாங்கினால் விலையும் குறைவு, ருசியும் கூடுதல்.

கே: "பண்ணையிலிருந்து நேரடியாக" என்று செல்போன் செயலிகளில் போடுகிறார்களே, நம்பலாமா? (கோவை)

ப: எந்த ஊர்ப் பண்ணை என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் வந்தால் வாங்குங்கள்.

கே: எல்லாம் சரி. நாளைக் காலை நான் செய்ய வேண்டியது என்ன? (பெயர், ஊர் இரண்டும் எழுதாதவர்)

ப: ஏழு மணிக்குள் உங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போங்கள். உழவர் சந்தை இல்லாத ஊரென்றால் வாரச்சந்தை இருக்கும். துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் இருக்கட்டும். முதலில் விலைப் பலகையைப் படியுங்கள். கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறவராக இருந்தால் ஒடித்ததை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஒடிந்த காயை அடுத்தவர் தொடமாட்டார், நட்டம் விளைவித்தவருக்கு. அடுத்த வாரம் என்ன வரும் என்று கேட்டு வைத்து, அடுத்த வாரமும் அதே ஆளிடம் போங்கள். கீரைக்காரம்மா சொல்கிற விலையை அப்படியே கொடுத்துவிடுங்கள்.